செங்கற்பட்டு மனுவும் சென்னைப் பாட்டும்

செங்கற்பட்டு என்றதும் ஏரிகளும், மாமல்லபுரம் என்றதும் கற்கோயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டி மகிழ்கிறோம். ஆனால், இம்மாவட்டம் தமிழகத்துக்கு அளித்த செல்வங்களுள் கல்லில் செதுக்கப்படாத ஒன்றும் உண்டு. நிலமற்ற உழவனின் குறையை அரசின் முன்னும் ஊரின் முன்னும் எடுத்துரைத்த அறிக்கைகளும் மனுக்களும் மாநாட்டுத் தீர்மானங்களுமே அச்செல்வம். அவை வெறும் காகிதங்கள்தாம். ஆயினும், நூறாண்டுகளுக்குப் பின்னர் அக்காகிதங்களில் இருந்த கோரிக்கைகளே பாட்டாக எழுந்து, கடல் கடந்து ஒலித்தன. அப்பாட்டுகளைப் பாடிய குழு எவ்வாறு தோன்றியது, அதன் குரலுக்கு வேர் எங்கே இருக்கிறது, அக்குரல் உச்சியை எட்டியபோது என்ன நேர்ந்தது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குழுவின் தோற்றம்

2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் மாலை, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் பெருங்கூட்டம் ஒன்று கூடியது. மேடையில் பத்தொன்பது கலைஞர்கள் நின்றனர். ஒருபுறம் கிட்டார், டிரம்ஸ். மறுபுறம் பறை, சட்டி, கட்டமோளம். சாவு வீட்டில் மட்டுமே ஒலிக்கத்தக்கவை என்று ஒதுக்கப்பட்டிருந்த கருவிகள், மேலைநாட்டுக் கருவிகளுக்குச் சமமாக ஒரே வரிசையில் நின்ற காட்சி அது. குழுவினர் ஆங்கிலத்தில் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. ‘சாதியற்றோர் கூட்டு’ என்று நாம் அதனைத் தமிழாக்கிக் கொள்ளலாம்.

‘மெட்ராஸ்’, ‘கபாலி’ முதலிய திரைப்படங்களை இயக்கிய பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. வடசென்னைக் கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறையிசைக் கலைஞர்கள், மேலைநாட்டு இசை பயின்றோர் ஆகியோரை ஒருங்கே சேர்த்தனர். கானா மேடைகளில் பெண்களை அரிதாகவே காணக்கூடிய அந்நாளில் இசைவாணி என்னும் இளம்பெண் இக்குழுவில் பாடினார். பின்னர் 2020இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு என்னும் இளைஞர் ராப் பாடல்களை எழுதிப் பாடினார்.

பாடுபொருள்கள் யாவை? இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, வடசென்னை மக்களின் வாழ்வு, மாட்டிறைச்சி உண்போர்மீது ஏவப்படும் வெறுப்பு, அண்ணல் அம்பேத்கரின் பெருமை ஆகியன. காதலும் கேலியும் மட்டுமே கானாவுக்கு உரியவை என்று எண்ணியிருந்தோர் வியப்புற்றனர். சிலர் சினமும் உற்றனர். அதே ஆண்டு டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘வானம்’ என்னும் கலைவிழாவை நடத்திற்று. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. மார்கழி மாதத்துச் சென்னையில் சபா மேடைகளுக்கு அப்பாலும் இசை உண்டு என்பதை அது நினைவூட்டியது.

இரவல் சரக்கா?

இக்குழுவைப் பற்றிச் சிலர் ஒரு குறை கூறினர். ‘இது அமெரிக்கக் கறுப்பரின் ஹிப்-ஹாப் இசையைப் பார்த்துச் செய்த போலி, நம் மண்ணுக்கு ஒட்டாத இரவல் சரக்கு’ என்பதே அது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஹிப்-ஹாப் என்பது அமெரிக்காவில் தோன்றியதுதான், அதில் ஐயமில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய ஒரு விருந்தையே அதன் பிறந்தநாளாகக் கொள்வர். தாளத்துக்கு ஏற்ப வேகமாகப் பேசிச் செல்லும் ‘ராப்’ அதன் ஓர் உறுப்பு. வறுமையும் நிறவெறியும் சூழ்ந்த தெருக்களில் பிறந்தமையால், வெகுவிரைவிலேயே அது அரசியல் பேசத் தலைப்பட்டது. பின்னர் ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கெல்லாம் இருந்தனரோ அங்கெல்லாம் பரவியது. தமிழிலும் மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு பல இளைஞர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

ஆஸ்திரேலியாவின் எடுத்துக்காட்டு நமக்குப் பெரிதும் பயன்படும். அந்நாட்டுத் தொல்குடியினரான பிரிக்ஸ், டிரையல்ஸ் என்னும் இருவர் ‘ஏ.பி. ஒரிஜினல்’ என்ற பெயரில் குழு அமைத்து, 2016இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் ‘ஜனவரி 26’ என்று ஒரு பாட்டு உண்டு. நமக்கு அந்நாள் குடியரசு நாள். ஆஸ்திரேலியாவிலோ, 1788இல் ஆங்கிலேயக் கப்பற்படை வந்து குடியேற்றம் தொடங்கியதைக் கொண்டாடும் தேசிய நாள். தொல்குடியினருக்கு அது நிலத்தைப் பறிகொடுத்த துக்க நாளாகவே இருந்துவருகிறது. ‘எங்கள் துக்கத்தின்மீது உங்கள் கொண்டாட்டமா?’ என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அத்தொகுப்பு அவ்வாண்டுக்கான ஆஸ்திரேலிய இசைப் பரிசைப் பெற்றது. அந்நாட்டு இளைஞர் வானொலியான ‘டிரிபிள் ஜே’, நேயர் விருப்பப் பாடல் வரிசையை ஜனவரி 26ஆம் நாளில் ஒலிபரப்பி வந்த வழக்கத்தை 2018 முதல் வேறு நாளுக்கு மாற்றியது. பாட்டு ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் கூறமாட்டோம். பல்லாண்டுக் கிளர்ச்சியின் பயன் அது. ஆனால், கிளர்ச்சி சொல்லிவந்ததை வீட்டு வரவேற்பறை வரையில் கொண்டுசேர்த்தது பாட்டு என்பதை மறுக்கவியலாது.

அங்குள்ள இளைஞர் அமெரிக்காவிலிருந்து இரவல் பெற்றது தாளத்தை மட்டுமே. துயரம் அவர்களுடைய சொந்தத் துயரம். ஆஸ்திரேலிய மண் ‘யாருக்கும் உரியதல்லாத நிலம்’ என்று ஆங்கிலேயர் கட்டிய பொய்யை அந்நாட்டு உயர்நீதிமன்றமே 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. பாட்டுக்கு முன்னரே வழக்கும் மனுவும் அங்கே இருந்தன. சென்னைக் குழுவின் நிலையும் இதுவேயாகும்.

மற்றொன்றையும் கூறவேண்டும். தெருவில் நின்று பாடுவதும் பாட்டில் நியாயம் கேட்பதும் தமிழுக்குப் புதியன அல்ல. கானாவின் வேரைத் தேடுவோர் சித்தர் பாடல்களையும், குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் ஞானப் பாடல்களையும் சுட்டிக்காட்டுவதுண்டு. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, இராயபுரத்தில் தங்கி, 1838இல் மறைந்த அப்பெரியாரைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்தனர் என்றும், தண்டையார்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்றும் சென்னையில் ஒரு வழக்கு உண்டு. அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார் என்பதிலிருந்து, அவருடைய பாட்டின் முன் வேலிகள் எவ்வாறு விழுந்தன என்பது விளங்கும். அண்மைக் காலத்தில், 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள் திராவிட இயக்க மேடைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முழங்கியதை நம் இல்லத்துப் பெரியவர்கள் அறிவார்கள். மார்க்கப் பாடலைக் கேட்ட அதே செவியால் அரசியல் பாடலையும் கேட்டவர்கள் நாம். ஆதலின், இசையில் அரசியல் கலப்பது கண்டு நாம் திகைக்க வேண்டுவதில்லை.

செங்கற்பட்டுக் காகிதங்கள்

இனி, அக்குழுவினர் பாடிய கோரிக்கைகளின் வேர் இருக்கும் இடத்துக்குச் செல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டு மாவட்டம் இன்றையதைக் காட்டிலும் மிகப் பெரிது. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் சைதாப்பேட்டையும் அதனுள் அடங்கியிருந்தன. அங்கே மிராசு முறை வேரூன்றியிருந்தது. ஊர் நிலத்தின்மீது மட்டுமன்றித் தரிசு நிலத்தின்மீதும் மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. சேரியில் வாழ்ந்த படியாள் ஒருவர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும், மிராசுதாரர் தடைகூறினால் அவ்விண்ணப்பம் வீழ்ந்துவிடும். அவர் குடியிருந்த குடிசையின் மனையும் அவருக்குச் சொந்தமன்று. எதிர்த்துப் பேசினால் மனையைவிட்டு வெளியேற்றலாம். வயலும் வீடும் ஒரே கையின் பிடியில் இருக்கும்போது, வாய் எவ்வாறு திறக்கும்?

இந்நிலையைக் கண்டு எழுதியவர் அம்மாவட்டத்தின் கலெக்டராகப் பணிபுரிந்த டிரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர். செங்கற்பட்டுப் பறையர் நிலை குறித்து 1891இல் அவர் அளித்த குறிப்பு, சென்னை மாகாண வரலாற்றில் முக்கியமான ஆவணமாகும். செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ முதலிய பாதிரிமாரும் இக்குறைகளை வெளிப்படுத்தி எழுதிவந்தனர். இவற்றின் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை ஒன்று பிறந்தது. அதன் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களையே பிற்காலத்தில் ‘பஞ்சமி நிலம்’ என்று அழைத்தனர். குறிப்பிட்ட காலம் வரையில் அவற்றை விற்கக்கூடாது. அதன்பின் விற்றாலும் அம்மக்களுக்குள்ளேயே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதிலும் அவ்வாறு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நிலமீட்பு இயக்கத்தார் கூறிவருகின்றனர். அந்நிலங்களில் பெரும்பகுதி நிபந்தனையை மீறிப் பிறர் கைக்கு மாறியது என்பதே அவர்களுடைய முறையீடு.

கலெக்டரின் அறிக்கையை மட்டும் பேசிவிட்டு, அம்மக்களின் சொந்தக் குரலை மறந்துவிடலாகாது. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. பிறர் இழிவுபடுத்தக் கையாண்ட சொல்லையே தலைப்பாகத் தாங்கி, தலைநிமிர்ந்து வீதிக்கு வந்தது அவ்விதழ். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினராகிப் பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் யாவரும் பயன்படுத்த வழிவகுக்கும் தீர்மானத்தை 1924இல் நிறைவேற்றச் செய்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து வாதாடினார். ‘பறையன்’ என்ற தலைப்பைத் தாங்கிவந்த இதழையும், பறையை நடுமேடையில் நிறுத்திய குழுவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே செயல் என்பது புலனாகும்.

குழுவின் பெயருக்கும் முன்னோடி உண்டு. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களைச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றே குறித்தார். அவ்வழக்கினை நினைவிற்கொண்டே இக்குழு தனக்குப் பெயர் தேடிக்கொண்டது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயரேயாயினும், பொருள் பண்டிதருடையது. அவருக்குப் பின், 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடும் வழக்கத்தைக் கைவிடும்படி தீர்மானம் இயற்றியது. இன்று தமிழர் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயர் இல்லாதிருப்பதற்கு அம்மாநாடும் ஒரு காரணம். பட்டம் பெயரிலிருந்து உதிர்ந்தது. மனத்திலிருந்து உதிர்ந்ததா என்பது வேறு கேள்வி. அக்கேள்வியைத்தான் 2018இல் இக்குழு மேடையேறிக் கேட்டது.

காகிதத்தில் இருந்த உரிமை மண்ணில் கிட்டாதபோது என்ன நேரும் என்பதற்கும் செங்கற்பட்டே சான்று. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரவேண்டும் என்று கோரிச் செங்கற்பட்டில் மக்கள் திரண்டபோது, காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். கலெக்டர் ஒருவர் இம்மக்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதி நூற்றுமூன்று ஆண்டுகள் ஆனபின், அதே செங்கற்பட்டில் அதே நிலத்தைக் கேட்ட இருவர் மாண்டனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நெடுங்காலம் வருவாய்த்துறை அலுவலகங்களிலும் போராட்டப் பந்தல்களிலும் மட்டுமே வழங்கிய ‘பஞ்சமி நிலம்’ என்ற சொல், 2019இல் வெளிவந்த ‘அசுரன்’ திரைப்படத்துக்குப் பின்னரே பல இல்லங்களுக்குள் நுழைந்தது. இரஞ்சித்தின் ‘காலா’ திரைப்படமும் நிலவுரிமையையே கருவாகக் கொண்டது. கலை செய்யும் பணி இது. மனு அலுவலகத்தில் உறங்கும்போது, பாட்டும் கதையும் அதனை எழுப்பி வீதிக்கு அழைத்து வருகின்றன.

பேச்சுக்குக் கொடுத்த விலை

வெளிப்படையாகப் பேசுவோர் விலை கொடுக்காமல் இருப்பதில்லை. சபரிமலை குறித்து உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பு வழங்கியதையொட்டி இசைவாணி பாடிய பாட்டு ஒன்று, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் திடீரெனப் பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. அவர்மீது புகார்கள் எழுந்தன. அவருக்கு மிரட்டல்களும் வந்தன. பிற சமயத்தவரின் வழிபாட்டு முறை குறித்து நாம் கருத்துரைக்க வரவில்லை. ஒரு பாட்டில் உடன்பாடு இல்லாதோர் அதனை மறுத்துப் பேசலாம், எழுதலாம். ஆனால், பாடிய பெண்ணை அச்சுறுத்துவது மறுப்பாகாது. இதனை நாம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான நெறியாகக் கொள்ளவேண்டும். நமக்கும் சேர்த்தே இதனைக் கூறுகிறோம்.

நம் சமுதாயத்தின் துயரத்திலும் இக்குழுவினரின் குரல் ஒலித்தது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, தமிழகமெங்கும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் வீதிக்கு வந்தனர். அவ்வேளையில் அறிவு, இசைக்கலைஞர் ஒஃப்ரோவுடன் சேர்ந்து அச்சட்டத்தை எதிர்த்துப் பாட்டு இயற்றினார். மாட்டிறைச்சியின் பெயரால் வடநாட்டில் எளியோர் அடித்துக் கொல்லப்பட்ட காலத்தில், சென்னை மேடையில் அதைக் கண்டித்துப் பாடியவர்களும் இவர்களே. தம் துயரை மட்டும் பாடுவோர் உண்டு. அண்டை வீட்டாரின் துயரையும் தம் துயராகக் கொண்டு பாடுவோர் சிலரே. அச்சிலருள் இவர்களை வைத்து எண்ணுவது நம் கடமை.

மாமல்லபுரத்து வாயிலில்

2021 மார்ச்சுத் திங்களில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாடல் வெளியாயிற்று. வரிகளை எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீ என்னும் பாடகியும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ‘என் சாமி’ என்று பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லே ‘எஞ்சாமி’ ஆயிற்று. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தோட்டத் தொழிலாளருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களின் தலைவிதி எண்களாகப் பங்கிடப்பட்டது. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்களுக்குக் கையகல மண் இல்லை என்ற ஏக்கமே அப்பாட்டின் உயிர். டிரெமென்கீர் அறிக்கையில் உள்ள ஏக்கமும் அதுவேயன்றோ?

அப்பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். மொழியறியா நாடுகளிலும் குழந்தைகள் அதற்கு ஆடினர். ஆனால், பாட்டு உயர உயர, எழுதியவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்படுகிறதோ என்ற ஐயமும் உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் தீயின் படம் வந்து அறிவின் படம் வராதபோது, இரஞ்சித் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தையும் தன் மின்னிதழ் அட்டையில் வெளியிட்டது.

அடுத்த ஆண்டு அது மீண்டும் நேர்ந்தது. 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டி மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடைபெற்றது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் நம் கடற்கரைக்கு வந்தன. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில், பிரதமரும் முதலமைச்சரும் வீற்றிருந்த அவையில், ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடப்பட்டது. தீயுடன் கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அவர் தம் வேதனையை எழுதினார். அப்பாட்டைத் தாமே இயற்றி, எழுதி, பாடியதாகவும், தம் முன்னோரின் வரலாறே அது என்றும் அவர் கூறினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் அளித்தனர். பலர் கூடி உருவாக்கிய பாட்டு அது என்றும், அறிவுக்கு உரிய மதிப்பை என்றும் மறுத்ததில்லை என்றும், விழாவுக்கு அவரை அழைத்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்றும் அவர்கள் கூறினர். 2024இல் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டின் மூலம் தங்கள் எவருக்கும் வருவாய் எதுவும் வந்துசேரவில்லை என்று பொதுவில் அறிவித்தார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் நடுவர் அல்லர். இருதரப்பாரும் கலைஞர்கள், இருவர் உழைப்பும் அப்பாட்டில் உண்டு. ஆயினும், வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. நிலத்தைத் திருத்தியவன் பட்டாவில் இல்லை என்று பாடிய பாட்டில், பாட்டை எழுதியவர் மேடையில் இல்லை. பாட்டு எதைக் குறித்து அழுததோ, அதுவே பாட்டுக்கும் நேர்ந்ததாக மக்கள் கருதினர். அதனாலேயே அக்குமுறல் அத்தனை பெரிதாக எழுந்தது.

அப்போட்டி நடந்த பூஞ்சேரியை இன்னொரு காரணத்துக்காகவும் நாம் நினைவுகூர வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியில் அமர நரிக்குறவப் பெண் ஒருவர் மறுக்கப்பட்டதைக் கூறிய காணொளி நாடெங்கும் பரவியது. பின்னர் அப்பந்தியில் அமைச்சரே அவருடன் அமர்ந்து உண்டார். 2021 நவம்பர் 4 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களை வழங்கினார். ஒரு பெண் வாய் திறந்து பேசியதன் பயன் அது. படியாளின் மனையைப் பற்றி 1891இல் எழுதப்பட்ட குறை, அதே மாவட்டத்தில் 2021 வரை தீராதிருந்தது என்பதும் அதனால் விளங்குகிறது.

பெயரை மறவாதிருத்தல்

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் எழுச்சியை ஒரு நாகரிக மோகமாகவோ, இளைஞரின் ஆரவாரமாகவோ கொள்வது வரலாறு அறியாமையாகும். மனுவில் எழுதியும், மாநாட்டில் தீர்மானித்தும், துப்பாக்கி முனையில் நின்றும் கேட்கப்பட்ட இரண்டு பொருள்களையே அவர்கள் பாட்டில் கேட்டனர். ஒன்று நிலம், மற்றொன்று மதிப்பான பெயர். தாளம் பிராங்க்ஸ் நகரிலிருந்து வந்திருக்கலாம். வழக்கு கோழியாளத்திலிருந்தும் காரணையிலிருந்தும் வந்தது.

இதிலிருந்து நம் இல்லங்கள் கொள்ளவேண்டிய பாடமும் ஒன்று உண்டு. நாம் பாட்டை விரும்புகிறோம், பாடியவரை அறிகிறோம், எழுதியவரைக் கேட்பதில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய நம் பாட்டிமாரின் பெயர்களை எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோம்? மஸ்தான் சாகிபுவின் பாடல்களில் குணங்குடி என்னும் பெயர் பதிந்து கிடப்பதால், இருநூறு ஆண்டுகள் ஆகியும் அச்சிற்றூரை உலகம் அறிகிறது. வள்ளியம்மாள் என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பெயரும் இன்று அவருடைய பேரனின் பாட்டால் நிலைத்துவிட்டது. 2024இல் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயரிட்டார். பட்டாவில் ஏறாத பெயரைப் பாட்டில் ஏற்றிவிட்டார்.

இனி மாமல்லபுரம் செல்லும்போது கற்கோயில்களோடு திரும்பிவிடாமல், வழியிலுள்ள செங்கற்பட்டில் 1891இல் எழுதப்பட்டதையும், 1929இல் தீர்மானிக்கப்பட்டதையும், 1994இல் சிந்தப்பட்டதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. பாட்டைக் கேட்கும் பிள்ளை, அதை யார் எழுதினார் என்றும் கேட்கும்படி வளர்ப்போமாக.